மனித 18எஸ் ஒப்பீட்டு கிட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

டி.என்.ஏ.வைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி, எழும் ஒளியைக் கொண்டு அளவிடும் ரியல் டைம் பி.சி.ஆர். மூலம் மரபணு வெளிப்பாட்டை அளக்கும்போது ஒப்பீட்டுக்கென வைத்துக்கொள்ளும் மனித 18எஸ் (செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஒரு கூறு) ரைபோசோம் ஆர்.என்.ஏ. கிட் ஒன்றை, ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்த்த செல்களில் எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அச்சூழலில், வழக்கமாக ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவே தூண்டப்பட்டு உயர்ந்துவிடுவதால், அதை அளவுகோலாக்குவது ரப்பர் முழக்கோலால் துணி அளப்பதைப் போன்றது. எங்கள் மாதிரிகளில் 18எஸ் அசையவில்லை.

தொல்லை அதன் மிகுதியில்தான் இருக்கிறது. செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 80 விழுக்காடு ரைபோசோமுக்குரியது என்பதால், 18எஸ் கோடு 11ஆம் சுழற்சியை ஒட்டியே எழுந்துவிடுகிறது. நான் தேடும் மரபணுவோ 27இல்தான் தலைகாட்டுகிறது. மாதிரிகளை இடும் சிறு கிணறுகள் கொண்ட முதல் தட்டில், மென்பொருள் பின்னணி ஒளியைக் குறிக்கும் அடிக்கோட்டை 3 முதல் 15ஆம் சுழற்சி வரை என்று எடுத்துக்கொண்டு, ஏறத் தொடங்கிவிட்ட ஒளியையும் பின்னணியாகக் கழித்துவிட்டதால், கோடுகள் கோணிப்போய்ச் சுழியத்துக்குக் கீழே தொங்கின. பிப்பெட்டைச் சந்தேகித்து ஒரு நாளை வீணடித்த பிறகு, அடிக்கோட்டை 3 முதல் 8 வரை எனக் கையால் மாற்றியதும் ஒரே மாதிரியை இட்ட மூன்று கிணறுகளின் மதிப்புகளும் ஒன்றுகூடின.

கிட்டுடன் வந்த தாளில் ஒரு வரி இருந்திருக்கலாம்: 18எஸ்ஸுக்குப் பாலி ஏ வால் (எம்.ஆர்.என்.ஏ.வின் முனையில் வரும் ஏ எழுத்துகளின் தொடர்) கிடையாது, ஆகவே அந்த வாலைப் பற்றித் தொடங்கும் ஒலிகோ டி.டி. பிரைமரால் செய்த சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. படி) இதற்கு உதவாது, எங்கும் ஒட்டிக்கொள்ளும் ரேண்டம் ஹெக்சாமர் பிரைமர் வேண்டும். அந்த வரி இல்லாததால் எங்கள் ஆய்வகத்தில் ஒருவருடைய இரண்டு தட்டுகள் பாழாயின. இந்த மரபணு 13, 14, 15, 21, 22ஆம் குரோமோசோம்களில் நூற்றுக்கணக்கான படிகளாகக் கிடப்பதோடு இன்ட்ரானும் (ஆர்.என்.ஏ.வில் வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) இல்லாதது, மாதிரியில் கலந்த டி.என்.ஏ.வும் 18எஸ்ஸாகவே எண்ணப்பட்டுவிடும்; எனவே டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் இட்டுச் சுத்திகரிப்பதையும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கிணறு ஒன்றை வைப்பதையும் தவிர்க்க முடியாது. பெயரில் ‘மனித’ என்றிருந்தாலும் எலியின் 18எஸ் வரிசை பெரிதும் ஒத்திருப்பதால், மனிதக் கட்டி பொருத்திய எலித் திசுவில் இரண்டையும் இது பிரித்துக் காட்டவில்லை.

18எஸ்ஸை உருவாக்குவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் I என்ற நொதி, நாம் அளக்கும் எம்.ஆர்.என்.ஏ.க்களை உருவாக்குவது பாலிமரேஸ் II. ஆகவே ராப்பமைசின் போல முதலாவதை ஒடுக்கும் மருந்துகளைச் சோதிக்கும் தட்டுகளில் நான் ஒப்பீட்டுக்குப் பாலிமரேஸ் II படியெடுக்கும் டி.பி.பி. மரபணுவுக்கு மாறிவிட்டேன். ஆக்சிஜன் குறைவுச் சோதனைகளுக்கு மட்டும் அடுத்த குப்பியைக் கேட்டு எழுதியிருக்கிறேன், சிறிய அளவில்.