நாலு ஒயர் ஹெட்செட், ஒரே தலை: கேமுக்கும் மீட்டிங்குக்கும் சேர்த்து எது?

கேமிங் ஹெட்செட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வாங்கி மாட்டிய பிறகு அதில் அதிகம் ஓடுவது ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன் வகுப்பு, பாட்டு, ராத்திரி ஒரு படம், இதற்கெல்லாம் நடுவில் கொஞ்சம் கேம். அதனால் எதிரியின் காலடிச் சத்தம் எதில் நன்றாகக் கேட்கும் என்கிற கேள்வியைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு, காலையில் மாட்டினால் சாயங்காலம் வரை கழற்றி எறியத் தோன்றாத ஹெட்செட் எது என்று பார்க்கலாம். எடுத்துக்கொண்டவை நாலு: ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 2, ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 எக்ஸ், லாஜிடெக் ஜி335, ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா 1. நாலுக்குமே 3.5 மி.மீ. பின்தான், நாலுமே அந்தந்தக் கம்பெனியில் விலை குறைந்த வரிசை.

இந்தக் காலத்தில் ஒயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும், மீட்டிங்கில் சேர்ந்து மைக் திறந்த அடுத்த நொடி எல்லாமே பழைய டெலிபோனில் கேட்பது மாதிரி ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, பழைய புளூடூத் முறையில் நல்ல ஸ்டீரியோவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது, மைக் வேண்டுமென்றால் ஒலி மோனோவுக்கு, அதாவது இரண்டு காதிலும் ஒரே சத்தம் என்ற நிலைக்கு, இறங்கிவிடும். எல்இ ஆடியோ என்ற புது முறையில் இது சரியாகிறது, ஆனால் கம்ப்யூட்டர், ஹெட்செட் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். கேமில் சத்தம் தாமதமாக வருகிற தொல்லை வேறு. ஒயரில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது, சார்ஜும் போட வேண்டாம்.

சரி, பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை முதலில் கழித்துவிடுவோம். ஸ்டிங்கரிலும் பிளாக்‌ஷார்க்கிலும் 50 மி.மீ. டிரைவர் (சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), மற்ற இரண்டிலும் 40. பெரிசு இருந்தால் சத்தம் நன்றாக இருக்கும் என்று ஒன்றும் இல்லை. 1991 முதல் ஸ்டுடியோக்களில் புழங்கிவரும் சோனி எம்டிஆர்-7506 கூட 40 மி.மீ.தான். அப்புறம் 7.1 சரவுண்ட், அதாவது சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்தது போன்ற சத்தம்: காதுக்கு ஒரு டிரைவர்தான் இருக்கிறது, மீதியெல்லாம் மென்பொருள் செய்கிற வித்தை. ரேசர் கொடுப்பது விண்டோஸில் மட்டும் வேலை செய்யும். போனிலோ கன்சோலிலோ மாட்டினால் அந்த 7.1 கூட வராது. இதற்காக ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம், ஏனென்றால் விண்டோஸ் சோனிக் என்ற இதே மாதிரி வசதி விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது, எந்த ஹெட்செட்டோடும் ஓடும். பாட்டுக்கும் மீட்டிங்குக்கும் அதை அணைத்து வைப்பதுதான் நல்லது, இல்லாவிட்டால் பேசுகிறவர் குளியலறையில் நின்று பேசுவது போல இருக்கும்.

உண்மையான வித்தியாசம் காதைச் சுற்றி உட்காரும் மெத்தையில் தொடங்குகிறது. நோவா 1-இன் எடை 236 கிராம், ஜி335-உம் பிளாக்‌ஷார்க்கும் 240, ஸ்டிங்கர் 2 கொஞ்சம் கூடுதல் என்றாலும் 300-க்குள்தான். எனவே எடையை வைத்து யாரும் யாரையும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஸ்டிங்கரிலும் பிளாக்‌ஷார்க்கிலும் மெத்தைக்கு மேல் செயற்கைத் தோல், ஜி335-இலும் நோவாவிலும் துணி. தோல் மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும், அதனால் வெளிச்சத்தம் குறையும், பேஸும், அதாவது அடிச்சத்தமும், வெளியே ஒழுகாது. ஃபேன் சத்தமும் வீட்டு டிவி சத்தமும் இருக்கிற இடத்தில் இதன் அருமை தெரியும். விலை என்னவென்றால் வியர்வை. இரண்டாவது மீட்டிங் முடிவதற்குள் காது கசகசவென்று ஆகிவிடும், போகப் போக அந்தத் தோல் பொடிப்பொடியாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தையில் காற்று போகும், உரியாது, ஆனால் வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும், நீங்கள் கேட்பதும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் கேட்கும். கண்ணாடி போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கண்ணாடிக் காம்பு தோல் மெத்தையைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடைவெளி வழியாகவே பேஸ் காணாமல் போய்விடும், ஆக தோல் மெத்தைக்காரர்கள் சொல்லும் பெருமையில் பாதி கண்ணாடிக்காரர்களுக்குக் கிடைக்காது.

ஜி335-இல் தலைக்கு மேல் ஒரு இலாஸ்டிக் பட்டைதான் பாரத்தைத் தாங்குகிறது. உச்சந்தலையில் அழுத்தாமல் சுகமாக இருக்கும், ஆனால் பெரிய தலைக்காரர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பிளாக்‌ஷார்க்கில் என் கண்ணை உறுத்துவது வேறு: தலைப்பட்டையிலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய ஒயர் இரண்டு பக்கமும் வெளியே வளைந்து தொங்குகிறது. மேஜையில் வைத்தால் ஒன்றும் ஆகாது, பையில் திணித்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு அந்த வளைவு எதிலாவது மாட்டும். ஸ்டிங்கரின் காதுக் கிண்ணம் 90 டிகிரி திரும்பித் தட்டையாகிவிடும், கழுத்தில் தொங்கவிட்டால் தாடையில் இடிக்காது.

அடுத்தது மைக், என்னைப் பொறுத்தவரை தீர்ப்பே இங்கேதான். நாலிலும் குரல் புரியும், நாலிலும் ரேடியோ அறிவிப்பாளர் குரல் வராது. வித்தியாசம் அதை எப்படி மூடுகிறோம் என்பதில். ஸ்டிங்கரிலும் ஜி335-இலும் மைக்கை மேலே தூக்கினால் மியூட், இதைவிடச் சுலபமான முறை இல்லை, கண்ணால் பார்க்காமலே தெரியும். பிளாக்‌ஷார்க்கிலும் நோவாவிலும் பட்டன். கை தடவி அழுத்திவிட்டு, மியூட் ஆச்சா இல்லையா என்று ஒரு நொடி யோசிக்க வைக்கும் சமாச்சாரம் அது. ஆனால் நோவாவில் மைக் முழுசாகக் கிண்ணத்துக்குள் போய்விடும். பஸ்ஸிலோ லைப்ரரியிலோ போட்டுக்கொண்டால் சாதாரண ஹெட்போன் மாதிரியே இருக்கும். மற்ற மூன்றிலும் மைக் கழலாது, பிளாக்‌ஷார்க்கில் அது வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டே நிற்கும், வளைத்து ஒதுக்கினாலும் போட்டிருப்பது கேமிங் ஹெட்செட் என்று ஊருக்கே தெரியும். வெளியே போட்டுக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் நோவா 1-ஐ எடுப்பேன்.

சத்தத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. பிளாக்‌ஷார்க்கில் பேஸ் நிறைவு, வெடிச்சத்தமும் குத்துப்பாட்டும் அதில்தான் களை கட்டும், நோவா அடக்கமானது, பேச்சும் குரலும் தெளிவு, ஜி335-இல் அடிச்சத்தம் மெலிவு, ஸ்டிங்கர் நடுவில். கேம்தான் முக்கியம், அறையிலும் ஏசி உண்டு என்றால் பிளாக்‌ஷார்க். நாள் முழுக்க மீட்டிங், தலையும் நடுத்தர அளவு என்றால் ஜி335. ஸ்டிங்கரை யாருக்குச் சொல்வது என்று யோசித்தால், அடிக்கடி மியூட் போட வேண்டியவர்கள், ஆனால் துணி மெத்தையின் சத்தக் கசிவு பிடிக்காதவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம்தான் மிஞ்சுகிறது.

வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரின் துளையைப் பாருங்கள். லேப்டாப்பிலும் கன்சோல் கன்ட்ரோலரிலும் ஒரே துளை, நேராக மாட்டலாம். டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை இருந்தால் ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒயர் வேண்டும், பெட்டிக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். பிளாக்‌ஷார்க்கின் ஒயர் 1.3 மீட்டர்தான், மேஜைக்குக் கீழே இருக்கும் சிபியுவின் பின்பக்கம் வரை அது போகாது. ஜி335-க்கு 1.8 மீட்டர், அந்தத் தொல்லை குறைவு. மாட்டியதும் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் கேட்டால் ஹெட்செட்டைத் திருப்பி அனுப்ப அவசரப்படாமல் முதலில் போனில் மாட்டிப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் குற்றம் கம்ப்யூட்டரின் ஜாக்கில், ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போனிலும் இரைச்சல் வந்தால் மட்டும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுங்கள்.