பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடப்பவர் பின்னால் போகாதீர்கள்

போன மாதம் இரவு 11 மணிக்கு ஒரு புதிய ஊரில் போய் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயில் உண்டு என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்திருந்தேன். அப்படியும் ஏமாந்தேன்.

சுங்கச் சோதனையைத் தாண்டி வெளியே வந்ததும், கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் எதிரே வந்தார். கடைசி ரயில் போய்விட்டது, டாக்ஸி வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்றார். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவே இல்லை. போனில் சிக்னல் வரவில்லை, கண்ணில் தூக்கம். ரயிலுக்கு வழிகாட்டும் பலகை அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. கடைசி ரயிலுக்கு இன்னும் 40 நிமிடம் இருந்தது என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

நான் யோசிப்பதற்குள் என் பெட்டியை வாங்கி இழுத்துக்கொண்டு நடந்தார். பெட்டி போகும் இடத்துக்கு நாமும் போய்த்தானே ஆக வேண்டும்? போனது டாக்ஸி நிறுத்தத்துக்கு அல்ல, கார் நிறுத்தும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு. அங்கே வேறு ஒருவர் ஓட்டுநர். வண்டியின் கூரையில் டாக்ஸி விளக்கு இல்லை. மீட்டருக்குப் பதில் செல்போனில் ஏதோ ஒரு செயலி ஓடியது. அது எதைக் கணக்குப் பண்ணியது என்பது அவருக்கே வெளிச்சம்.

இறங்கும்போது விமான நிலையக் கட்டணம், சுங்கச்சாவடி, இரவு நேரம், பெட்டிக்குத் தனி என்று அடுக்கினார். பெட்டி டிக்கியில் பூட்டிக் கிடக்கும்போது என்ன வாதாடுவது? சரி என்று பெரிய நோட்டு ஒன்றை நீட்டினேன். விளக்கைப் போடாமலே வாங்கியவர், கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு சின்ன நோட்டைக் காட்டி, இதைத்தான் கொடுத்தீர்கள் என்றார். பழக்கமில்லாத நோட்டு, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் கொடுத்தேன். மொத்தத்தில், முறையான டாக்ஸிக்கு ஆவதைப்போல் நான்கு மடங்கு.

உரிமம் உள்ள ஓட்டுநர் நிறுத்தத்தில் தன் முறைக்குக் காத்திருப்பார். பயணிகள் வெளியே வரும் கூடத்துக்குள் வந்து ஆள் பிடிக்க மாட்டார். பாரிஸ், ரோம் போன்ற ஊர்களில் விமான நிலையத்திலிருந்து மையப் பகுதிக்கு டாக்ஸிக் கட்டணமே நிலையானது. போகும் ஊரில் அப்படி உண்டா என்று முன்பே பார்த்து, கடைசி ரயில் நேரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செயலியில் வண்டி பிடித்தால் உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், ஓட்டுநர் சொல்லட்டும். பெட்டி கைக்கு வந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில், தொகையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பணத்தைக் கொடுங்கள்.

அப்புறம் எண்பலகை. ஏறும் முன் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் விமான நிலையத்துக்குப் புகார் எழுதியபோது வண்டி எண்ணையும் ரசீதையும் கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. புகார் அப்படியே கிடக்கிறது.