தேக்கு என்று சொல்லி ரப்பர் மரத்தில் பட்டறை மேசை: செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மரச்சாமான் செய்யக் கொடுக்கிறவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர். 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. பெண் கொடுத்து எடுத்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால் மலைக்கு அந்தப் பக்கத்துக் கடையை யாரும் வேற்றூராக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. 36,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பேரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை அளவோடு எழுதுகிறேன். வீட்டில் சின்னதாகப் பட்டறை போட நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

என் அப்பா ஆசாரி. கடைசிவரை தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்தார். பலகையின் ஒரு முனையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் இழைக்கும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும். அவருடைய மூன்று இழைப்புளிகளும் உளிகளும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும் இப்போது என்னிடம் இருக்கின்றன. பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றதும் முக்காலி, சாமி மாடம் என்று செய்ய ஆரம்பித்தேன். மூட்டுத் தேய்மானத்தால் என்னால் தரையில் உட்கார முடியாது. நின்றுகொண்டு இழைக்க ஒரு மேசை வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

6 அடி நீளம், 2 அடி அகலம், மேல்பலகை 3 அங்குலக் கனம், கால் நாலுக்கு நாலு, கால்களை இணைக்கும் சட்டம் மூன்றுக்கு நாலு, எல்லாம் தேக்கு என்று பேசினோம். 6 கன அடி, கன அடிக்கு 4,500 ரூபாய் வீதம் 27,000, கூலி 9,000. உயரம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம் டீச்சர், எல்லாருக்கும் ஒரே அளவுதான்” என்றார் கடைக்காரர். “மரம் காஞ்சதுதானே தம்பி?” என்றேன். “ரெண்டு வருஷம் நிழல்ல கிடந்த மரம், வைரம் பாஞ்சது” என்று சொல்லி, அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். நல்லவேளை, அதை நான் அழிக்கவில்லை.

ஆடி மாதம் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது மேசை வந்து இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பாவின் இழைப்புளியை எடுத்து ஒரு பலகையில் வைத்துத் தள்ளினேன், தோள் மேலே ஏறிக்கொண்டது. மேசையின் உயரம் 36 அங்குலம். நான் 5 அடி 1 அங்குலம். இழைக்கும்போது உடம்பின் பாரம் கை வழியாக இழைப்புளி மேல் இறங்க வேண்டும். 36 அங்குலத்தில் என் முழங்கை மடங்கியே நிற்கிறது, முழு வேலையையும் தோள்தான் செய்கிறது. பத்து நிமிஷத்தில் கழுத்து வலித்தது.

உயரத்துக்குக் கணக்கு இதுதான். பட்டறையில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தளரத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை அளந்தால் அதுதான் இழைக்கிற மேசைக்கு ஏற்ற உயரம். எனக்கு 29½ அங்குலம் வந்தது. ஆறடி ஆளுக்கு 35 வரும். உளியால் நுணுக்கமாகக் கொத்துவதற்கும் பொருத்துக்குக் கோடு கிழிப்பதற்கும் இது தாழ்வு, குனிந்தே முதுகு போய்விடும். அதற்கென்று மேசை மேல் தூக்கி வைக்க 8 அங்குல உயரத்தில் தனியாக ஒரு குட்டிப் பெட்டி மேசை செய்துகொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஒருவர் சொன்னாலே அவர் நின்று இழைத்தவர் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பலகையை இறுக்கிப் பிடிக்க மேசையில் மாட்டும் வைஸ் இன்னொரு கொடுமை. தச்சு வேலைக்கான வைஸ் என்று பேசியிருந்தோம். வந்தது இரும்புப் பட்டறை வைஸ், தாடையில் பல் வெட்டியது. மரத்தைப் பிடித்தால் பல் பதிந்துவிடும். அதையும் வலது கோடியில் மாட்டியிருந்தார்கள். வலக்கைக்காரர் வலமிருந்து இடமாக இழைப்பார், வைஸ் இடது கோடியில்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் கூட்டும்போது மேசைக்கு அடியில் கோதுமை மாவு சிந்தியதுபோல் சின்னச் சின்னக் குவியல் கிடந்தது. துடைத்தேன். மறுநாளும் இருந்தது. மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் குண்டூசித் துளைகள். ஒரு துளையை விரலால் தட்டியதும் மாவு கண்ணில் விழுந்தது. ஈரத்துணியால் மூலையில் தேய்த்தேன், துணி செம்மண் நிறமானது. சாயம் போன இடத்தில் மரம் பால் வெள்ளையாக இருந்தது. அப்பாவின் பழைய ஆள் ஒருவர் வந்து உளியால் ஒரு சில்லு எடுத்துப் பார்த்தார். “அம்மா, இது ரப்பரு. மருந்தும் ஏத்தல, காயவும் வைக்கல” என்றார்.

ரப்பர் மரத்தை நான் குறை சொல்லவில்லை. புனலூர், பத்தனாபுரம் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள்தான். பால் வற்றிய மரத்தை 25, 30 வருஷத்தில் வெட்டுகிறார்கள். உடனே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காயவைத்தால் நல்ல மேசை, நாற்காலி ஆகும். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றாமல் விட்டால் சில நாளில் நீலப் பூசணம் பூக்கும், பிறகு வண்டு உளுக்கும். தேக்கு விலை வாங்கிக்கொண்டு, மருந்து ஏற்றாத ரப்பரைச் சாயம் பூசிக் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கே டேப் எடுத்து உட்கார்ந்தேன். மேல்பலகைக் கனம் 2¼ அங்குலம். கால் மூன்றேகாலுக்கு மூன்றேகால். சட்டம் இரண்டுக்கு மூன்று. கனத்தையும் அகலத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. மேல்பலகை 2¼ கன அடி, கால் நாலும் சேர்ந்து 0.83, சட்டங்கள் 0.56. மொத்தம் 3.64. நான் 6-க்குப் பணம் கொடுத்திருக்கிறேன். இழைப்பில் கால் அங்குலம் போகும், அது நியாயம், எந்த ஆசாரியும் முரட்டு அளவுக்குத்தான் விலை போடுவார். முக்கால் அங்குலம் போவது இழைப்பில் இல்லை.

பங்குனி வெயிலில் மேல்பலகை பிளந்தது. பச்சை மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. 2 அடி அகலப் பலகை அரை அங்குலம்கூடச் சுருங்கலாம். அதற்கு இடம் கொடுக்க, அடிச்சட்டத்தில் நீள்வட்டத் துளை போட்டு அதற்குள் திருகாணி நகர்கிற மாதிரி மாட்ட வேண்டும். இவர்கள் மேலிருந்து ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். நகர முடியாத பலகை கோடியிலிருந்து ஒன்றரை அடிக்கு விரிந்தது. சாரலில் ஊறி வெயிலில் வறளும் நம்ம ஊரில் காய்ந்த மரமே அசையும், பச்சை மரம் என்ன பாடு படும்?

கடைக்காரரைக் கூப்பிட்டேன். “உங்க ஊர் காத்துக்கு எந்த மரமும் அப்படித்தான் டீச்சர்” என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. அவர் கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு, அதில் “மேசை 1” என்று மட்டும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தபோதுதான் வழி தெரிந்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை கேரளத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தக் குரல் பதிவும் ஜிபேயில் பணம் போன விவரமும்தான் என் கையில் இருக்கும் சாட்சி.

நீங்கள் செய்யக் கொடுத்தால், மரத்தின் பேர், இழைத்த பிறகு நிற்க வேண்டிய கனம், உயரம், வைஸ் எந்தக் கோடியில் என்று எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சாயம், வார்னிஷ் பூசும் முன்னால் போய்ப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு சீவல் எடுக்கச் சொல்லுங்கள். தேக்கு என்றால் விரலில் எண்ணெய்ப் பசை தட்டும், பதப்படுத்திய தோலின் வாசம் அடிக்கும்.

இப்போது இடித்த வீட்டு உத்திரம் ஒன்றை வாங்கி, செங்கோட்டை மில்லில் என் கண் முன்னாலேயே அறுத்து வந்திருக்கிறேன். அந்தப் பழைய ஆள்தான் கால்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். உயரம் 29½. உளுத்த மேசையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மற்ற மரத்துக்கு வண்டு பரவாமல் மாட்டுக்கொட்டகையில் தனியாக வைத்திருக்கிறேன். ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.