டாஸ் பில்லிங்கை மாத்தப் போறீங்களா? விடாஸ், ஹார்பர், வெப் ஆப், டாலி - எது தேவலை

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்குற கடைகள்ல இன்னும் டாஸ்ல ஓடுற கறுப்பு ஸ்கிரீன் பில்லிங் ஓடுது, கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோன்னு அந்தக் காலத்து ப்ரோக்ராம் மொழியில எப்பவோ யாரோ எழுதிக் குடுத்தது. 64 பிட் விண்டோஸ்ல இந்த 16 பிட் ப்ரோக்ராம் ஓடவே ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10 வச்சு ஒப்பேத்துனவங்களுக்கும் 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 11ல 32 பிட்டே கெடையாது.

செலவு கம்மியான வழி எமுலேட்டர், அதாவது புது விண்டோஸ்க்குள்ள பழைய டாஸ் மாதிரி நடிக்கிற ப்ரோக்ராம். எல்லாரும் டாஸ்பாக்ஸ்தான் சொல்லுதாங்க, அது கேம் ஆட உண்டாக்குனது மக்கா, கடைக்கு விடாஸ் போடுங்க, பிரிண்டும், ரெண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்துல மாத்தாம பூட்டுற ரெக்கார்ட் லாக்கும் அதுல ஒழுங்கா வரும். ஆனா பழைய ஸ்கிரீன் அப்படியேதான் இருக்கும், ஜிஎஸ்டிக்கு முன்னால எழுதுன பில்லும் அப்படியேதான் இருக்கும். கேரளா கம்பெனிக்கு லோடு போனா ஐஜிஎஸ்டி, இங்கயே வித்தா சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு பிரிக்கணும், ப்ரோக்ராம் எழுதுன மூலக் கோடு, அதான் சோர்ஸ், இல்லாம அதை எங்க சொருகுறது?

சோர்ஸ் ஃபைல் கையில இருந்தா, கிளிப்பர்காரங்களுக்கு நான் சொல்லுறது ஹார்பர். கிளிப்பருக்கு வாரிசு மாதிரி இப்பத்திய கம்பைலர் அது, ஓசி, ஓப்பன் சோர்ஸ், கிளிப்பர் கோடை பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கும், 64 பிட்லயே கம்பைல் ஆகும். மொதல்ல கறுப்பு ஸ்கிரீனாவே ஓட விட்டுட்டு அப்புறம் எச்எம்ஜின்னு ஹார்பருக்கான ஜன்னல் லைப்ரரி வச்சு ஒவ்வொரு ஸ்கிரீனா விண்டோஸ் ஜன்னல் ஆக்கலாம். கணக்கு, ஸ்டாக் ஃபங்ஷன் எல்லாம் பொழைச்சுக்கும், ஆனா சே-கெட்ங்குற கேட்டு வாங்குற கட்டளையை வரிசையா எழுதுன என்ட்ரி ஸ்கிரீனை திரும்ப எழுதியே ஆகணும், ஏன்னா அதுல ப்ரோக்ராம் கேக்கும் நாம பதில் சொல்லுவோம், ஜன்னல்ல யூசர் எங்க வேணா கிளிக் பண்ணுவான்.

இதுல பலரும் கவனிக்காதது என்டர் கீ. பழைய ஸ்கிரீன்ல எடை, என்டர், கிரேடு, என்டர், ரேட்டு, என்டர்னு கண்ணை மூடிட்டு அடிப்பாங்க, விண்டோஸ் ஃபார்ம்ல டேப் அடிச்சாத்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். இதை மாத்தி வைக்காம குடுத்தீங்கன்னா ஷீட்டோட வரிசையில நிக்கிற ஆளுக ஏசியே கொன்னுருவாங்க. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அப்படித்தான், விண்டோஸ் டிரைவர் எழுத்தை படமாக்கி அனுப்புறதால இழுத்து இழுத்து அடிக்கும், ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவர் போட்டா பழைய வேகம் வந்துரும்.

ஃபாக்ஸ்ப்ரோக்காரங்களை அதோட விண்டோஸ் வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இழுப்பாங்க. ஓடும், இல்லேன்னு சொல்லல, ஆனா கடைசி வெர்ஷன் 9 வந்தது 2004ல, சப்போர்ட் 2015 ஜனவரியிலயே முடிஞ்சுது, புதுசா காசு போட்டு அங்க போய்ச் சேர வேண்டாம்.

நெட்ல பிரவுசர் வழியா ஓடுற வெப் ஆப் நாலஞ்சு கிளை இருக்கவங்களுக்கு சரி. ஒத்தக் கடைக்கு எதுக்கு, மழைக்காலத்துல நெட் போனா பில்லும் போச்சு.

டாலி கணக்கு சாஃப்ட்வேர் கணக்குக்கு நல்லதுதான், ஆனா ரப்பர் பால் எடுக்குற கடைன்னா 100 கிலோ பாலு, டிஆர்சி (பால்ல இருக்குற உலர் ரப்பர் சதவீதம்) 35ன்னா 35 கிலோ உலர் ரப்பருக்குத்தான் காசு, இந்தக் கணக்கு அதுல நேரா கெடையாது, தனியா எழுதிச் சேக்கணும். எனக்குக் கேட்டா கொள்முதலை ஹார்பர்ல வச்சுட்டு கணக்கை மட்டும் டாலிக்கு அனுப்புறதுதான் லாபம்.

சோர்ஸும் இல்ல, எழுதுன ஆளும் இல்லேன்னா விடாஸ்ல ஓட்டிக்கிட்டே, பழைய டேட்டா இருக்குற டிபிஎஃப் ஃபைலோட காப்பி ஒண்ணை லிப்ரே ஆபீஸ் கால்க்ல தொறந்து பாருங்க. தொறந்துச்சுன்னா பழைய லெட்ஜர் பூரா உங்க கையில, புதுசா எழுதுறவன்கிட்ட அதைக் குடுத்துத் தொடங்கச் சொல்லலாம்.