இருட்டில் முகத்துவாரம் பிடிக்க: டிரான்சிட், ஜிபிஎஸ், நாவிக்

பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போன படகு, இருட்டில் திரும்பும்போது ஏரியின் முகத்துவாரத்தைத் தவறவிடாமல் பிடித்தாக வேண்டும். கலங்கரை விளக்கத்தையும் கரையின் அடையாளங்களையும் பொருத்திப் பார்த்து வழி பிடித்தவர் என் அப்பா. அண்ணனோ, உப்புத்தண்ணீர் படாமல் பாலித்தீன் உறையில் கட்டிய ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து வருகிறார். செயற்கைக்கோள் வழிகாட்டு முறைகளை ஒப்பிட எனக்கு இந்த முகத்துவாரமே அளவுகோல்.

முதலில் வந்தது அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட். 1957-இல் சோவியத்தின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் நெருங்கி வரும்போது அதன் வானொலி அலைவரிசை கூடுவதையும் விலகும்போது குறைவதையும் அளந்து, அதன் பாதையை அமெரிக்க இயற்பியலாளர்களான வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபென்பாக்கும் கணித்தார்கள். பாதை தெரிந்தால் கேட்பவர் இருக்கும் இடத்தைக் கணிக்கலாமே என்று அவர்களின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மெக்ளூர் அக்கணக்கைத் திருப்பிப் போட்டார். 1964-இல் பயன்பாட்டுக்கு வந்த இம்முறைக்கு ஒரே செயற்கைக்கோள் போதும். ஆனால் அது வானத்தைக் கடக்கும் பத்துப் பதினைந்து நிமிடமும் காத்திருந்து கேட்க வேண்டும். அடுத்தது வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இடையில் கப்பல் நகர்ந்த வேகமும் திசையும் கணக்கில் சேர வேண்டும். நீர்மூழ்கிக் கப்பலுக்கு இது பெரும் வரம். அலையில் ஆடும் ஃபைபர் படகுக்கு உதவாது.

1978-இல் முதல் செயற்கைக்கோளை ஏவிய, அமெரிக்காவின் ஜிபிஎஸ் காத்திருப்பையே ஒழித்தது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அணுக்கடிகாரத்தோடு சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேரத்தை வைத்து அது தூரத்தை அறிகிறது. மூன்று தூரங்கள் இடத்தைச் சொல்லும். நான்காவது, அண்ணன் கையிலுள்ள கருவியின் மலிவான கடிகாரப் பிழையைத் திருத்தும். அந்த நான்காவதைத்தான் நான் மிகவும் வியக்கிறேன், ஏனெனில் ஒரு மைக்ரோ நொடிப் பிழைக்கே 300 மீட்டர் பிசகும். 2000 மே வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்ததால் நூறு மீட்டர் வரை விலகல் இருந்தது. நம் முகத்துவாரத்தில் நூறு மீட்டர் விலகினால் மணல்திட்டில்தான் ஏற வேண்டும்.

அயலார் விருப்பப்படி கூடிக் குறையும் துல்லியத்தை நம்பியிருக்க முடியாது என்பதற்காகவே இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டு முறையான நாவிக் வேண்டும். அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 இரவு, நம் ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே புறப்பட்டது. ஏழு செயற்கைக்கோள்களும் எப்போதும் நம் பகுதி வானத்திலேயே இருக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. ஆனால் முதல் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரங்கள் பழுதாயின. 2023-இல் சென்ற, நாவிக்கின் புதிய தலைமுறைச் செயற்கைக்கோளான என்விஎஸ்-01-இல்தான் உள்நாட்டு அணுக்கடிகாரம் ஏறியது. 2025-இல் என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஆகவே இன்றைக்குப் படகில் ஜிபிஎஸ் முதலில், நாவிக் அதற்குத் துணையாக என்பதே என் முடிவு.

இரண்டில் எதுவானாலும், மணல் நகர்ந்து முகத்துவாரம் இடம் மாறியதைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அண்ணன் பகலில் ஒருமுறை போய், பழைய புள்ளியை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிகிறார்.