அறுபது பேருக்கும் பெயர் உண்டு: ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ கேம் விமர்சனம்

1807-ஆம் ஆண்டு. ஐந்து வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து கிளம்பிய ‘ஓப்ரா டின்’ என்ற சரக்குக் கப்பல், இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் தானாக மிதந்து வந்து சேர்கிறது. கடலில் தொலைந்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய கப்பல் அது. உள்ளே உயிரோடு ஒருவரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் அதில் ஏறுகிறீர்கள். கப்பலில் பயணம் செய்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன ஆனது, கொலை என்றால் கொன்றது யார் என்று ஒரு புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும். இந்த கேமில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சண்டை கிடையாது, புள்ளிகள் கிடையாது, சேர்த்து வைக்க ஆயுதமும் கிடையாது.

அதற்குக் கருவியாக ஒரு பாக்கெட் கடிகாரம் தருகிறார்கள். ஒரு பிணத்தின் அருகே அதைத் திறந்தால் முதலில் திரை கறுத்துவிடும். அந்த மனிதர் சாவதற்குச் சற்று முன் நடந்த பேச்சும் சத்தமும் மட்டும் காதில் விழும். பிறகு அவர் இறந்த கணம் அப்படியே உறைந்து உங்களைச் சுற்றி நிற்கும். அதற்குள் நடந்து போய்ப் பார்க்கலாம். துப்பாக்கியிலிருந்து கிளம்பிய புகையைச் சுற்றி வரலாம். அடுத்த அறையில், இந்தச் சாவுக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் எட்டிப் பார்க்கலாம். எனக்கு விடைகள் பெரும்பாலும் கிடைத்தது அந்த ஓரத்து மனிதர்களிடம்தான்.

கதையும் நேராக வருவதில்லை. முதலில் பார்க்கக் கிடைப்பது கடைசி அத்தியாயம். கேப்டனின் அறை வாசலில் நடக்கும் கைகலப்பு ஏன் என்று புரியாமலே அதைப் பார்த்து முடித்துவிடுவோம். காரணம் பின்னால் வேறு ஓர் உடலிலிருந்து கிடைக்கும்போது, ஏற்கெனவே பார்த்த காட்சி தலைகீழாக மாறிவிடும்.

நானும் என் தங்கையும் இதைச் சேர்ந்துதான் விளையாடினோம். அவளுக்கு கேம்களில் ஈடுபாடே கிடையாது. கன்ட்ரோலர் என் கையில், நோட்டுப் புத்தகம் அவள் மடியில். “அண்ணா, கொஞ்சம் திரும்பு. அந்தத் தாடிக்காரர் யார் பக்கத்துல நிக்கிறாருன்னு பாரு” என்று அவள் சொல்வாள், நான் திரும்புவேன். கொஞ்ச நேரத்தில் யார் விளையாடுகிறார்கள் என்ற வித்தியாசமே போய்விட்டது. பட்டன் அழுத்தும் வேகம் இங்கே எதற்கும் உதவாது. கவனிக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆட்டக்காரர்.

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? கையில் பயணிகள், மாலுமிகள் பட்டியல் இருக்கிறது: எண், பெயர், வேலை, நாடு. கப்பலில் இருந்த ஓவியர் வரைந்த படங்களில் எல்லோருடைய முகமும் இருக்கிறது. எந்த முகம் எந்தப் பெயர் என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்காது. ஒருவர் பேசும் பாணி, சீருடை, விரலில் மோதிரம், உடலில் குத்திய பச்சை, சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்கார்கிறார் என்பது, மாலுமிகளின் தொங்கு படுக்கையில் கட்டியிருக்கும் எண் என்று எல்லாமே சாட்சி. படுக்கையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைக்கூட விடக்கூடாது. எதையும் அம்புக்குறி போட்டுக் காட்டுவதில்லை, மினுக்குவதும் இல்லை. ஒரே உதவி, அடையாளம் காணப் போதுமான தகவலை நீங்கள் பார்க்கும்வரை புத்தகத்தில் அந்த முகம் மங்கலாகவே இருக்கும். முகம் தெளிந்துவிட்டால், விடை நீங்கள் பார்த்த காட்சிகளுக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

குத்துமதிப்பாக எழுதித் தப்பிக்கவும் முடியாது. மூன்று பேருடைய விதியைச் சரியாக எழுதினால்தான் கேம் அதை ஒப்புக்கொள்ளும். மூன்றில் ஒன்று தப்பு என்றாலும் எது தப்பு என்று வாயைத் திறக்காது. மூன்றும் சரியானால், கையெழுத்தில் இருந்த வரிகள் அச்செழுத்தாக மாறிவிடும். அந்த மாற்றத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் போட்ட கூச்சலை, எத்தனையோ கேம்களில் கடைசி எதிரியை வீழ்த்தியபோதுகூட நான் போட்டதில்லை. ஏனென்றால் இங்கே வென்றது முழுக்க எங்கள் யோசனை.

இதை உருவாக்கியவர் லூகஸ் போப். அன்சார்ட்டட் கேம்களை எடுத்த நாட்டி டாக் ஸ்டுடியோவில் முன்பு வேலை பார்த்தவர். வெளியே வந்து 2013-இல் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற கேமை வெளியிட்டார். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து 2018 அக்டோபரில் இதைக் கொண்டுவந்தார். குரல் கொடுத்தவர்கள் வேறு பலர். நிரல், ஓவியம், கதை, இசை எல்லாம் அவர்தான். பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனியாட்களும் சிறு குழுக்களும் உருவாக்கும் ‘இண்டி’ கேம்களின் மிகப் பெரிய கௌரவமான சீமஸ் மெக்நாலி விருது இந்த இரண்டு கேம்களுக்கும் கிடைத்தது. பெரிய ஸ்டுடியோவில் நூற்றுக்கணக்கானோர் சம்பளம் வாங்கும் இடத்தில், “ஆட்டக்காரர் பாதியில் திணறி விட்டுவிட்டுப் போய்விடுவாரே” என்ற பயம் ஒவ்வொரு முடிவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அங்கே நிமிடத்துக்கு ஒரு குறிப்பு, மூலையில் ஒரு வரைபடம். போப் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. உங்களால் முடியும் என்று நம்பி, பேசாமல் ஒதுங்கி நிற்கிறார். இண்டி கேம்களை நான் தேடித் தேடி விளையாடுவது இந்த நம்பிக்கைக்காகத்தான்.

காட்சி அமைப்பும் ஒரு தனிமனிதரின் பிடிவாதம். ஆப்பிளின் பழைய மேகின்டாஷ் கணினித் திரையைப் போல இரண்டே நிறங்கள். சாம்பல்கூடக் கிடையாது. நிழல் முழுக்கப் புள்ளிகளால் ஆனது. நிலையான படத்தில் இது சுலபம். முப்பரிமாணத்தில் தலையைத் திருப்பினால் புள்ளிகள் எல்லாம் நெளிந்து கண்ணை வலிக்க வைக்கும். கேமராவைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்துக்கொண்டு, புள்ளிகளை அதன்மேல் பதித்து அந்த நெளிவை அடக்கியிருக்கிறார். இத்தனை உழைப்பும் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகவே செய்தது. எனக்கு இன்னொன்றும் தோன்றியது: ரத்தம் சிவப்பாக இல்லாததால், கொடூரமான காட்சிகளிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்று விவரம் தேட முடிகிறது. நிறத்தைத் துறந்தது விளையாட்டுக்கே உதவியிருக்கிறது.

பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் லாஸ்கர் என்ற பெயரில் ஆசிய மாலுமிகள் உழைத்தது வரலாறு. கதையின் பெரிய திருப்பங்கள் அவர்களைச் சுற்றி நடப்பதில்லை. ஆனால் புத்தகத்தில் கேப்டனுக்கு என்ன இடமோ அதே இடம்தான் அவர்களுக்கும். பெயர் தெரியாமல் செத்த கூலி ஆள் என்று ஒருவரை விட்டுவிட்டு இந்த கேமை நிறைவு செய்ய முடியாது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குக் கிடைத்திருக்காத மரியாதை இது.

குறைகளும் இருக்கின்றன. ஒரு காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அந்த உடல் கிடக்கும் தளத்துக்கு மறுபடி நடந்தே போக வேண்டும். புத்தகத்தின் பக்கத்திலிருந்தே நேராகக் காட்சிக்குள் போக வழியில்லை. பாதி கேமுக்குப் பிறகு ஏணியில் ஏறி இறங்கியே நேரம் போகிறது. முதல்முறை ஒரு காட்சிக்குள் போனால் இசை முடியும்வரை வெளியே வரவும் முடியாது. அப்புறம், ஆங்கில உச்சரிப்பு வேறுபாடுகள் சில இடங்களில் துப்பாக வருகின்றன. ஐரிஷ் பேச்சுக்கும் ஸ்காட்டிஷ் பேச்சுக்கும் வித்தியாசம் பழகாத காதுக்கு அது அநியாயமான சுமை. வசனம் கீழே எழுத்தில் ஓடினாலும் உச்சரிப்பு அதில் வராது. பெரும்பாலான பாத்திரங்களின் பெயருக்கு வேறு வழியிலும் போய்ச் சேரலாம் என்பதால் தப்பித்தோம்.

இதை ஒருமுறைதான் விளையாட முடியும். விடை தெரிந்தபின் கப்பலில் செய்ய ஒன்றும் இல்லை. அதனாலேயே முடித்தவர்கள் மற்றவர்களுக்காக இதைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். மாட்டிக்கொண்டு நண்பர் ஒருவரிடம் உதவி கேட்டேன். விடையான பெயரை அவர் சொல்லவில்லை. “அந்தக் காட்சியில மேல ஏறிப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். அடுத்தவரின் கண்டுபிடிப்பைத் திருடாத இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்த கேமர் வழக்கம். போன மாதம் தங்கையின் தோழி விளையாட ஆரம்பித்தாள். எங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தங்கை அவள் கண்ணில் காட்டக்கூட இல்லை.

வேகமும் பரபரப்பும் வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். எட்டு பத்து மணி நேரம் பொறுமையாக உட்கார முடிந்தவர்கள் கட்டாயம் வாங்குங்கள். விண்டோஸ், மேக், ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றிலும் உண்டு. புள்ளி ஓவியம் என்பதால் சிறிய திரை சரிப்படாது, பெரிய திரையில் விளையாடுங்கள். ஹெட்போன் அவசியம். ட்ரெய்லர் தவிர வேறு எந்த வீடியோவும் பார்க்காதீர்கள். தேடும்போது கேமின் பெயரோடு ஒரு பாத்திரத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டினாலே போதும், அவர் எப்படிச் செத்தார் என்பது முதல் வரியிலேயே வந்து விழுந்துவிடும்.