கடல் மீன் கடை: மீன் வாங்கலாம், நட்சத்திர மீன் மட்டும் யோசிச்சு வாங்குங்க

கிருஷ்ணகிரியில் கடல் மீன் தொட்டிக் கடை, பெயர் வேண்டாம். இதுவரை தொட்டித் தண்ணீரில் கலக்கும் கடல் உப்பு வாங்கக்கூட பெங்களூரு போக வேண்டியிருந்ததால் இங்கேயே ஒரு கடை வந்ததில் எனக்கு சந்தோஷம்தான். தொட்டிகள் சுத்தம், க்ளவுன் மீன்கள் துறுதுறுவென்று இருக்கின்றன, பில் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

கோபமெல்லாம் நட்சத்திர மீன் விஷயத்தில்தான். சாக்லேட் சிப் ஸ்டார் என்பார்களே, முதுகில் பழுப்பு முண்டு முண்டாக இருக்குமே, அது. யாராவது கேட்டால் போதும், கடைப் பையன் கண்ணாடியில் ஒட்டியிருப்பதை வெடுக்கென்று பிய்த்துக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடுகிறான், செல்ஃபி வேறு. அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் ஒருவிதப் பசையைச் சுரந்துதான் பிடித்திருக்கின்றன, அப்படி இழுத்தால் கால்களே அறுந்துபோகும். "கை போனாலும் முளைச்சிடும் சார்" என்று ஒரு சமாதானம். முளைக்கும், ஆனால் மாசக்கணக்காகும், அதுவும் தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால்.

முதலாளி அடுத்துச் சொன்னது இன்னும் மோசம்: தொட்டியைச் சுத்தம் பண்ணும், தனியாகத் தீனி வேண்டாமாம். இது சிப்பி, பஞ்சுயிரி, பவளம் எல்லாம் தின்கிற ஆசாமி! வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி இரையின் மேல் போர்த்தி, அங்கேயே செரிக்க வைத்து உறிஞ்சிக்கொள்ளும். சிப்பி வாயை மூடிக்கொண்டாலும் விடாத இனங்கள் உண்டு, காலால் இழுத்துப் பிடித்து மயிரிழை சந்து கிடைத்தாலே வயிற்றை உள்ளே விட்டுவிடும். கடையில் பவளமும் விற்கிறார்கள், இரண்டையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. ஓரடி அகலம் வரை வளரும் என்பதையும் சொல்வதில்லை.

நட்சத்திர மீன் இருக்கும் பையைத் தொட்டியில் அரை மணி மிதக்கவிட்டு அப்படியே உள்ளே விடுங்கள் என்பார்கள், கேட்காதீர்கள். இதற்கு ரத்தம் கிடையாது, உடம்புக்குள் ஓடுவது கிட்டத்தட்ட கடல் தண்ணீர்தான், உப்பு அளவு சட்டென்று மாறினால் மீனுக்கு முன்னால் இதுதான் படுக்கும். ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரமாவது விட்டுப் பழக்குங்கள். அப்புறம், நம்ம ஊர் போர் தண்ணீரில் உப்பைக் கலக்க வேண்டாம், இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே கொண்டுவந்தார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கலந்து, உப்பு அளக்கும் மானியில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கியே தீருவேன் என்றால் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக மல்லாக்கத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நல்லதாக இருந்தால் கை நுனியை மடக்கி ஊன்றி, கொஞ்ச நேரத்தில் தானே புரண்டுவிடும். துவண்டு கிடந்தாலோ தோலில் வெள்ளைப் புண் தெரிந்தாலோ வேண்டாம், விலை குறைத்தாலும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வண்டி நிறுத்த இடமில்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் ஆளிருக்காது.